நன்றிப் பக்கத்தில் ஒரு படம்

விஜயஸ்ரீ வாயில்லாப் பூச்சி. அவ பேச்செல்லாம் கம்ப்யூட்டரோடதான். தொண்ணூத்தொம்பதுல திருநெல்வேலி டவுண்ல ஒரு கல்யாணத் தகவல் மையத்துல ரெண்டு பேரும் வேல பாத்தோம். அவ இண்டர்நெட் பக்கம் எழுதுவா. சாலோமியாகிய நான் போன் எடுத்து ஏச்சு வாங்குவேன்.

அவ எழுதின பக்கத்துல மேல மாப்பிள்ளை படம், கீழ பொண்ணு வீட்டார் நிரப்புற ஃபாரம், அடியில 'அனுப்பு'ன்னு ஒரு பட்டன். அமுக்கினா பொண்ணு ஜாதகம் எங்க ஆபீசுல அச்சாகி வரும். ஆபீஸ் பையன் அம்மையப்பன் அதக் கவர்ல போட்டு மாப்பிள்ளை வீட்டுக்குத் தபால்ல சேத்துருவான். ஒரே ஜாதகமான்னு அவன் எங்க பாத்தான்!

ஆவணியில ஒரு நாள் சொர்ணாம்பாள் ஆச்சி வந்து நாலு கவர மேசையில எறிஞ்சாவ. அவுக மவன் மகேஸ்வரனுக்கு முப்பத்தாறு வயசு. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. படத்தப் பாத்ததுமே பொண்ணு வீட்டுக்காரங்க அடுத்த படத்துக்குத் தாண்டிருவாங்க.

"ஏட்டி, அம்பாசமுத்திரம் டீச்சர் வேணி ஜாதகம் ஒரே தபால்ல நாலு வந்திருக்கு! பொருத்தம் இருந்து என்ன செய்ய? பதில் சொல்லுமுன்ன மறுக்கா மறுக்கா நீட்டுதாவன்னா பொண்ணுட்ட ஏதோ கொற இருக்கு. வேண்டாம்னு எழுதிருங்க."

வேணிக்கு முப்பது தாண்டியாச்சு. பொருத்தம் முழுசாக் கூடி வந்த எடம் இது ஒண்ணுதான். எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! விஜயஸ்ரீ என் கையப் புடிச்சு அமுக்கினா.

"ஆச்சி, பைய இருங்க. கேட்டுச் சொல்லுதேன்"னு வேணி வேல பாக்குற பள்ளிக்கூடத்துக்கு விஜயஸ்ரீ போன் போட்டா. நானும் காதக் கொடுத்தேன்.

விஷயம் வெளங்கிட்டு. அனுப்பினதும் நன்றின்னு வெறும் எழுத்து மட்டும் உள்ள ஒரு பக்கம் வரும். அங்கன இருந்து பேக் பட்டன அமுக்கினா பழைய பக்கம், நிரப்பினது நிரப்பினபடி கெடக்கும். வெளிய வரத் தெரியாம மறுபடி 'அனுப்பு' அமுக்கினா இன்னொரு ஜாதகம் கெளம்பிரும்.

"தப்பு எம்மேல ஆச்சி. ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ஒரு நம்பர் வச்சு, வந்த நம்பரே மறுக்கா வந்தா தள்ளிரும்படி எழுதிருக்கணும். அந்தப் பொண்ணு மேல குத்தம் இல்ல"ன்னா விஜயஸ்ரீ.

ஆச்சி லேசுல விடுற ஆளா? "அனுப்பியாச்சுல்லா? பெறவு எதுக்குட்டி அவ திரும்பித் திரும்பிப் போனா?"

விஜயஸ்ரீ தலையக் குனிஞ்சிட்டா. வேணி கூச்சப்பட்டு போன்ல சொன்னத வெளிய விட அவளுக்கு மனசு வரல. எனக்கு வாய் நிக்கணுமே!

"ஒங்க மவன் படம் அந்தப் பக்கத்துலதான இருக்கு ஆச்சி? அதப் பாக்கத்தான் போயிருக்கா."

ஆச்சி என்னையே பாத்தாவ.

"திரும்பிப் போயா? அவன் படத்தையா?"

"ஆமா ஆச்சி."

எறிஞ்ச கவர் நாலையும் அவுகளே பொறுக்கி பைக்குள்ள வச்சாவ. முந்தானையால கண்ணத் தொடச்சாவ. "வெள்ளிக்கிழம பொண்ணு பாக்க வாரோம்னு எழுதிருங்க"ன்னு சொல்லிட்டுப் படி இறங்கினாவ.

விஜயஸ்ரீ அன்னைக்கே ஒக்காந்து கோளாறச் சரி பண்ணிட்டா. அதுக்கப்புறம் யாரு எத்தன தடவ பேக் அமுக்கினாலும் ஒரு ஜாதகம்தான் வரும். யாரும் சொல்லாமலே இன்னொரு வேலையும் செஞ்சா. மாப்பிள்ளை படத்த நன்றிப் பக்கத்துலயும் வச்சுட்டா.