இத்தாலிக் காருக்கு ஜப்பான் எஞ்சின்

இன்றைக்கு ஜெலுத்தோங் பட்டறையில் முடிவாகச் சொல்லிவிட்டேன். எங்கள் பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் காருக்கு இனி ஜப்பான் எஞ்சின்தான்.

போன வாரம் பினாங்குப் பாலத்தின் நடுவில் அது நின்றுபோனது. பின்சீட்டில் பாப்பா, இரண்டு பக்கமும் லாரி. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமே இல்லை.

மெக்கானிக் அண்ணன் தயங்கினார். "ஒரிஜினல் எஞ்சினை எடுத்துட்டா மதிப்பு போயிரும்மா. வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

"அண்ணே, கார் கிராண்டு, அந்த உரிமைப் பத்திரம், என் பேர்லதான் இருக்கு."

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். பானெட்டைத் தடவிக்கொண்டே, "இத்தாலிக்காரன் கேட்டா அழுவான்லா," என்றார்.

"அழட்டும். பாலத்துல நான் அழுதப்ப அவனா வந்து தள்ளுனான்?"

அண்ணன் சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பழைய எஞ்சினை இரும்புக் கடைக்குப் போடக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் வைக்க வேண்டும்.

பாப்பா பத்திரமாக இருந்தால் போதும் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

நாங்கள் இருப்பது பதினோராவது மாடி. லிஃப்டில் எஞ்சின் ஏற்றிய அனுபவம் உள்ளவர்கள் கமெண்டில் வரவும்.