பேட்டரி இல்லாத ஷாக் மெஷின்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். சிலிண்டரை மூடினேனா, பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்குமா என்று இருக்கிற பயமே எனக்கு ஆயுசுக்கும் போதும். எட்டாவதோடு நின்று, பீங்கான் கம்பெனியில் கொஞ்ச நாள் கப்பு அடுக்கி, பிறகு விருத்தாசலத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு பாயாகச் சேர்ந்தேன்.

நின்றுபோகிற இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற மெஷின் எங்களிடம் இரண்டு, இரண்டும் வேறு வேறு கம்பெனி. பழையதில் ஷாக் பட்டன் வலது ஓரம். புதியதில் அதே இடத்தில் இருப்பது அணைக்கிற பட்டன். ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைப்பது என் வேலை. பழையதில் வருஷா வருஷம் ஷாக் பட்டன் மேலேயே வைப்பேன், அவசரத்தில் சிஸ்டர்களும் பொட்டைப் பார்த்தே அழுத்திப் பழகிவிட்டார்கள். இந்த முறை புதியதிலும் கைப்பழக்கத்தில் அதே வலது ஓரத்தில் வைத்துவிட்டேன்.

மறுவாரம் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து நெஞ்சுவலி என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் புதிய மெஷினில் பொட்டை அழுத்தினார், மெஷின் அணைந்துவிட்டது, மறுபடி கரண்ட் ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அந்த அழுகைக்கு நடுவில் நான் ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். யாரும் பார்க்கவில்லை. மெஷினின் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைக்கச் சொன்னார்கள், வைத்துப் பூட்டியதும் நான்தான்.

நாலு நாள் கழித்து மத்தியானம் மீட்டிங், என்னையும் சேர்த்து ஆறு பேர். எல்லா வார்டுக்கும் ஒரே மாதிரி மெஷின் வாங்கலாமா என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். அந்த மெஷினும் மேஜை மேல் இருந்தது.

"எல்லாம் ஒரே வேலதான செய்யுது, கை பழகணும், அவ்ளோதான்" என்றார் டாக்டர்.

"அவசரத்துல நின்னு படிச்சிக்கிட்டா இருப்பாங்க சார்? பட்டன் ஒரே எடத்துல இருக்கட்டும்" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர்.

மேனேஜர் சிரித்தார். "வூட்டு மிக்ஸியாவது ஒழுங்கா போடுவீங்களா சிஸ்டர்?"

"பொட்டு இருந்துச்சு சார். அதைத்தான் அழுத்தினேன்."

"எங்க இருக்குது, காட்டுங்க." மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீதானய்யா பொட்டு வெக்கிற ஆளு, இதுல வெச்சியா?"

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் மெஷின் கரண்ட் ஏற்றிக்கொள்ளும் சத்தம் வந்தது, மெல்லியதாக ஆரம்பித்து மேலே மேலே ஏறுகிற சத்தம். "எல்லாரும் தள்ளிக்குங்க" என்று சிஸ்டர் பழக்கத்தில் சொல்லிவிட்டார். ஆறு பேரும் மேஜையிலிருந்து கையை எடுத்தோம்.

சத்தம் உச்சத்தில் சட்டென்று நின்றது. டாக்டர் மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தார். பேட்டரி இருக்கும் குழி காலி, ஒயரும் மாட்டியிருக்கவில்லை.

"வெளிய ஏதாச்சும் சத்தமா இருக்கும்" என்றார் மேனேஜர். "நீ சொல்லுய்யா."

"வெக்கலீங்க" என்றேன்.

சிஸ்டர் என்னையே பார்த்தார். அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள், அதன்பிறகு வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்கவில்லையாம். ஒரே மாதிரி மெஷின் இன்னும் வாங்கவில்லை.

அந்த மெஷின் ஸ்டோர் ரூமில் இருக்கிறது, தூசி தட்டுவது நான்தான். ஏற்றிய கரண்ட்டை யாருக்கும் கொடுக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னச் சத்தத்தோடு அது தானாக இறங்கிவிட வேண்டும், எல்லா மெஷினும் அப்படித்தான். அன்றைக்கு ஏறியது இறங்கின சத்தத்தை ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.