பத்து நிமிட நாற்காலி

புது இடத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் இந்த அம்மாள் கைபேசியில் பத்து நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருப்பார். எதிரே நிற்பவருக்குத் தர்மசங்கடமாக இருக்கும். அதைப் பற்றி இவருக்குக் கவலை இல்லை. மணி அடித்ததும் காதுக்குக் கீழே, தாடை மடங்கும் இடத்தில் விரலால் அழுத்திப் பார்ப்பார். "கெட்டியா இருந்தா அந்த எடம் நமக்கு வேண்டாம் சார். தளர்வா இருந்தா மேல பேசலாம்" என்பார். எந்த வேலையிலும் சேருமுன் இந்தச் சோதனை உண்டு. வீட்டிலேயே இவருக்குப் 'பத்து நிமிஷம்' என்று பெயர் விழுந்துவிட்டது.

பல் கட்டுவது இவர் தொழில். வைத்தியர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளைப் பார்த்து, மெழுகில் செதுக்கிப் பீங்கானில் பல் செய்து தரும் கூடம் ஒன்றில், ஜன்னலை ஒட்டிய மேஜை இவருடையது. என் முன்பல் உடைந்துபோனதால், நிறம் பார்த்துவரச் சொல்லி வைத்தியர் அனுப்பினார். வணக்கம் சொன்னேன். கண்ணைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்து, "டீ நெறைய குடிப்பீங்க போலிருக்கே" என்றார். தெருவில்கூட யாராவது சிரித்தால்தான் இவருக்கு ஆள் அடையாளம் தெரியுமாம். உம்மென்று போகிறவர்கள் எத்தனை நெருங்கிய உறவானாலும் அந்நியர்களே.

நேரான, பளிச்சென்ற பல் ஒன்று கேட்டேன். ஆசை யாரை விட்டது!

"பக்கத்துப் பல்லு லேசா கோணல் சார். இதையும் லேசா கோணலாத்தான் வெப்பேன். நேரா வெச்சா அது மட்டும் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி விறைச்சிக்கிட்டு நிக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். உடனே திறக்கச் சொன்னார்.

இந்த மேஜைக்கு வந்து சேர இவருக்கு முப்பத்திரண்டு வயது ஆகிவிட்டது. முதலில் ஒரு துணிக்கடை. அங்கே நாள் முழுக்க உட்காரக் கூடாது. பிறகு பள்ளிக்கூட அலுவலகம். மணி அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப்போடும். கடைசியாகக் காப்பீட்டு அலுவலகம். நல்ல சம்பளம், நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாற்காலி சுவரைப் பார்த்திருந்தது, முதுகுக்குப் பின்னால் மேலாளர் உட்கார்ந்திருந்தார். மூன்று வருடம் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நிஜமாகவே கடித்துக்கொண்டுதான் இருந்தார் என்பது, தூக்கத்தில் நறநறவென்று சத்தம் வருவதாகக் கணவர் சொன்னபிறகே தெரிந்தது. வைத்தியர் அச்சு எடுத்தார். அடுத்த வாரம் இவர் தன் பல்வரிசையையே வெள்ளைப் பிளாஸ்டரில் பார்த்தார். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகிவிட்டிருந்தன. வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத யாரு டாக்டர் செய்றாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த மாதமே வேலையை விட்டார். ஒன்றரை வருடம் தொழில் படித்தார். பத்து நிமிடச் சோதனையும் அப்போது பிறந்ததுதான். அந்த அச்சு இப்போதும் இவருடைய ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. அது என்னவென்று யாராவது கேட்டால், "அதுவா? என்னோட பழைய ஆபீஸ்" என்பார்.

மூன்றாம் முறை நான் போனபோது கூடத்தில் ஒரே பரபரப்பு. முதலாளி மாடியில் கண்ணாடி அறை ஒன்று கட்டியிருந்தார். குளிர்சாதனம், சக்கரம் வைத்த நாற்காலி, கதவில் 'மேற்பார்வையாளர்' என்ற எழுத்து. ஜன்னல் மட்டும் கிடையாது. வைத்தியர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் கீழே இருக்கும் ஆறு பேரைக் கவனிப்பதும் வேலை. அந்தப் பதவி இவருக்குத்தான் என்றார். மெழுகைத் தொட வேண்டியதில்லை. அதை ஒரு சலுகையாகவே சொன்னார்கள். "நீங்க மாட்டேன்னா வெளியிலேருந்து ஆள் போட்டுடுவேன்மா. இன்னிக்குச் சொல்லிடுங்க" என்று முதலாளி முடித்துவிட்டார். ஆசையாக, இவருடைய பல் அச்சையும் காலையிலேயே முதலாளியே எடுத்துப்போய்ப் புது மேஜைமேல் வைத்திருந்தார்.

ஒரே நாற்காலியில் இருபத்திரண்டு வருடமாக இருக்கும் கணவர், "பதவி தானா வருது, அதுக்கும் பத்து நிமிஷமா?" என்றாராம். மகள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். அக்கா மூன்று முறை போன் செய்துவிட்டாள்.

"பயமாத்தான் சார் இருக்கு" என்றார், மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக என் உதட்டருகே பிடித்துப் பார்த்தபடி. "நாப்பத்தி நாலு வயசு. இப்ப வேண்டாம்னா இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க. புதுசா வர்ற ஆளு என்னை இந்த ஜன்னல்லயே விட்டு வெப்பாரோ என்னமோ, அதுவும் தெரியல."

மாதிரிகளை வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

கண்ணாடி அறை என்பதால் கீழிருந்தே எல்லாம் தெரிந்தது. உட்கார்ந்தார். கைபேசியில் நேரம் வைத்தார். முதலாளி கதவருகே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். கூடத்தில் யாரும் வேலை செய்யவில்லை, செய்வதுபோல் பாவனை காட்டினார்கள். முன்பல் இல்லாத எனக்கே தாடை இறுகியது.

மணி அடித்தது. விரல் காதுக்குக் கீழே போனது. முதலாளியிடம் இரண்டு வார்த்தை சொன்னார். அவர் தலையைச் சொறிந்தார்.

பிறகு மேஜைமேலிருந்த அச்சை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அதை ஜன்னல் விளிம்பில் பழைய இடத்தில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.

"வாயத் தொறங்க சார்."