ஜெரூஷாவின் அறுபத்து நாலு ஜி.பி.

போனைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கொரு திமிர் உண்டு. தாம்பரம் மேற்கில் பத்தொன்பது வருடமாக மொபைல் கடை வைத்திருக்கிற ஜாபருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? ஜெரூஷா விஷயத்தில் அந்தத் திமிர் செல்லுபடியாகவில்லை.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. காலை ஆறு மணிக்கே ஸ்கூட்டரில் முடிச்சூர், பெருங்களத்தூர் என்று கிளம்பிவிடுவாள். அந்தச் சம்பளத்தில்தான் அவளும் நான்கு வயது மகள் ஜெனியும் சாப்பிட வேண்டும். போன வருடம் போன் வாங்க வந்தபோது இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று அறுபத்து நாலு ஜி.பி., இன்னொன்று நூற்று இருபத்தெட்டு. இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம்.

"எனக்கு எதுக்குண்ணா அவ்ளோ இடம்? நான் என்ன சினிமாவா எடுக்கப் போறேன்?" என்றாள்.

கொஞ்சமாவது இடம் காலியாக இருந்தால்தான் போன் ஓடும், நிரம்பினால் திணறி நின்றுவிடும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பசி நேரம். பில்லைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சென்ற திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றாள். தோளில் ஐஸ் பெட்டி. முகம் வெளுத்திருந்தது.

"கேமரா திறக்க மாட்டேங்குதுண்ணா. இடம் இல்லைன்னு சொல்லுது. எட்டரைக்குள்ள இந்த ட்யூப்பையும் சீட்டையும் போட்டோ எடுத்து ஆப்ல ஏத்தணும். இந்த மாசம் ரெண்டு தடவை லேட். இன்னொண்ணு ஆச்சுன்னா என் ஐ.டி.யை முடக்கிடுவாங்க."

ஐ.டி. போனால் வேலை போனது என்று அர்த்தம். வேறு போனில் அந்த ஆப் திறக்காது. திரும்பப் போய் ரத்தம் எடுக்கவும் வழியில்லை. முடிச்சூர் ராஜகோபாலன் சாருக்கு நரம்பே கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தி எடுத்த ரத்தம் அது.

போனை வாங்கினேன். ஒரு பக்கம் திறக்க ஒரு யுகம் ஆனது. வாட்ஸ்அப்பில் மட்டும் பத்தொன்பது ஜி.பி.! நான்கு சபைக் குழுக்களிலிருந்து தினமும் வந்த பைபிள் வசனப் படங்கள், பாட்டு, பிரசங்க வீடியோக்கள். ரோஜாப் பூ, சூரிய உதயம், ஆட்டுக்குட்டி என்று படங்களே ஒன்பதாயிரத்துக்கு மேல்.

"இதையெல்லாம் அழிம்மா முதல்ல!"

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கர்த்தரோட வார்த்தைண்ணா. அதை எப்படி அழிக்கிறது? அதுக்குத்தான் ஜெனி வீடியோவை எல்லாம் அழிச்சேன். ஒரு மாசமா அழிக்கிறேன், அப்பவும் இடம் வரல."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பெற்ற பிள்ளையை அழித்துவிட்டு ஆட்டுக்குட்டிப் படத்தை வைத்திருக்கிறாளே! கேலரியின் குப்பைத்தொட்டியைத் திறந்து காட்டினேன். அழித்ததெல்லாம் முப்பது நாள் அங்கேதான் கிடக்கும், இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். ஜெனி வரிசையாக இருந்தாள். முதல் படத்தின் மேல் 'ஒரு நாள்' என்று எழுதியிருந்தது. நாளைக்கு அது தானாகவே போய்விடும்.

மணி எட்டு பதினாறு.

"இந்தத் தொட்டியைக் காலி பண்ணா ஒரே அழுத்து, உடனே இடம் வந்துடும். வசனத்தை அழிச்சா நேரமாகும். எட்டரைக்குள்ள முடியுமான்னு சொல்ல முடியாது. சீக்கிரம் சொல்லும்மா."

அவள் அந்த முதல் படத்தையே பார்த்தாள். ஞாயிறு பள்ளி மேடையில் வெள்ளை கவுன் போட்ட ஜெனி.

"ஜெனியை முதல்ல எடுத்து வைங்க. வசனத்தை அழிங்க."

வீடியோக்களை மீட்டேன். அதற்கே நான்கு நிமிடம் போனது. பிறகு வசனங்களை, குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரே அழிகிற மாதிரி, வாட்ஸ்அப்புக்குள்ளேயே மொத்தமாகத் தேர்வு செய்தேன். அழிக்கும் பொத்தானுக்கு மேல் என் விரல் நின்றுவிட்டது. இவ்வளவு நேரம் கத்தினேனே, வெள்ளிக்கிழமைதோறும் வந்து குவிந்த மூன்று வருட ஜும்ஆ வாழ்த்துகளில் ஒன்றைக்கூட நானும் அழித்தவனில்லை.

"நீயே அழுத்தும்மா," என்றேன்.

கண்ணை மூடினாள். "மன்னியும் ஆண்டவரே," என்று முணுமுணுத்து அழுத்தினாள்.

கோடு நகர்ந்தது. எட்டு இருபத்து நாலு. பாதியில் நின்றது. அவள் நகத்தைக் கடித்தாள், நான் மின்விசிறியைப் போடக்கூட மறந்து வியர்த்துக்கொண்டிருந்தேன். எட்டு இருபத்தேழுக்குக் கேமரா திறந்தது. ட்யூப், சீட்டு, இரண்டு படம். ஆப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எட்டு இருபத்தொன்பதுக்குப் பச்சை டிக் விழுந்தது.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அந்த வெள்ளை கவுன் வீடியோவை ஓடவிட்டாள். ஜெனி கை கட்டி ஒரு வசனம் சொல்கிறாள். பாதியில் மறந்துபோய் உதடு துடிக்கிறது. மீதியைக் கடையில் உட்கார்ந்தபடி ஜெரூஷா சொல்லி முடித்தாள். கண்ணீர் வழிந்தது.

"அந்த ஒன்பதாயிரத்துல ஒண்ணைக்கூட நான் நின்னு படிச்சதில்லைண்ணா," என்றாள். "இது ஒண்ணுதான் அவளோட சேர்ந்து மனப்பாடம் பண்ணது. இதைப் போய் அழிச்சிருக்கேன்."

நான் அப்போதுதான் மின்விசிறியைப் போட்டேன். என் போனில் இருப்பதையும் நான் படித்ததில்லை.