உப்பு பிஸ்கட்டும் ஊர்ப்பட்ட வாய்களும்

பிஸ்கட் வண்டி ஓட்டுகிறவனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது; ஒரு கடையில் பெட்டியை இறக்கும்போதே மனசு அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குப் போய்விடும். மலைக் கடைகளுக்குச் சரக்குப் போடும் சகாக்களே, உங்களுக்கும் அப்படித்தானே? ஒட்டன்சத்திரத்தில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் வரை சுற்றுகிறேன். அதிகம் போவது கிராக்கர் என்று அச்சடித்த உப்பு பிஸ்கட்.

செக்போஸ்ட்டில்

காட்டுத் தீ பயம் உள்ள கோடை மாசம். செக்போஸ்ட்டுக்குப் புதிதாக வந்த காவலர் பெட்டியில் இருந்த ஆங்கில எழுத்தைப் படித்துவிட்டு வண்டியை மறித்தார். "காட்டுக்குள்ள பட்டாசு கொண்டு போறீங்களா? ஓரங்கட்டுங்க."

"உப்பு பிஸ்கட்டுங்க சார்!" என்றேன். நம்பவில்லை. பின்னால் ஹாரன் அலறுகிறது. மேலே கடைக்காரர்கள் போன் மேல் போன். பொறுக்காமல் நானே ஒரு பாக்கெட்டைப் பிரித்து நீட்டினேன். ஒன்றை எடுத்து நிதானமாக மென்றவர் சொன்னார்: "சரி, வெடிக்காது. ஆனா உப்பு பிஸ்கட்டுங்கிறீங்க, உப்பே இல்லையே!"

கிரீம் எங்கே?

பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர் செல்வராஜ். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஒருநாள் கடை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "கிரீம் கிராக்கர் இருக்குங்களா? அம்மா சொகமில்லாம படுத்துக் கெடக்காங்க. கஞ்சி கூட வேணாங்கிறாங்க, அத மட்டும் கேக்கிறாங்க." கிரீம் வைத்த பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு வெரசாகக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் பாக்கெட் அப்படியே திரும்பி வந்தது. "இதுல கிரீம் இருக்குதேன்னு திட்டுறாங்க," என்றார். சிலோன் கிரீம் கிராக்கரில் கிரீமே கிடையாதாம்! வெறும் மொறுமொறு பிஸ்கட். வெண்ணெய் தடவிச் சீனி தூவிச் சாப்பிடுவார்களாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. உப்பு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அவர் வெண்ணெய் தடவிக் கொடுத்தார். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றேன். சோலி ஆயிரம் கிடக்கிறது, கால் நகர மாட்டேன் என்கிறது. அந்தம்மா கண்ணை மூடி ஒரு கடி கடித்தார். பிறகு முழுசையும் தின்றார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது அது இல்ல தம்பி, அதோட தங்கச்சி. இன்னொண்ணு தாங்க."

மரம் விழுந்த அன்று

மழையில் பழனி ரோட்டின் குறுக்கே மரம் சாய்ந்து, முன்னும் பின்னும் வண்டிகள். இறங்குவதும் ஏறுவதுமாக நான் தவித்துக்கொண்டிருந்தபோது, முன் காரிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். "அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு சுகர் எறங்கிருச்சு. இனிப்பா ஏதாச்சும் இருக்கா?"

இனிப்பு பிஸ்கட்டெல்லாம் கீழேயே தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது உப்பு பிஸ்கட் மட்டும். காரில் அந்த மனிதர் வேர்த்துக் கொட்டி, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வண்டியாகக் கண்ணாடியைத் தட்டினேன். பழனிக்குப் போய்விட்டு வந்த ஒரு குடும்பம் பஞ்சாமிர்த டப்பாவை நீட்டியது. அதைக் கிராக்கரில் வழித்து வழித்து அவர் மனைவி ஊட்டினார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. மனைவி அழுதுவிட்டார். அவரோ விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "டாக்டருக்குப் பயந்து வருசக்கணக்கா இதத் தொடல. நான் ஏங்குறது தாங்காம முருகனே மரத்தச் சாய்ச்சுட்டாருடி!"

கிராக்கர் என்று கம்பெனி அச்சடிக்கிற பெயர் கடை வாசல் வரைக்கும்தான் செல்லும். அதைத் தாண்டினால் அது என்ன பண்டம் என்று தின்கிறவர்தான் முடிவு செய்கிறார், நான் சும்மா டிரைவர்.