தூங்கவிடாத கம்பிகள்

தூங்குகிறவர் தலையில் கம்பி ஒட்டி, மூளையின் மின்சாரத்தைத் தாளில் வரைந்தெடுப்பது என் பிழைப்பு. கம்பி ஒட்டினால் யாருக்கும் தூக்கம் வராது என்பது அந்தப் பிழைப்பின் தலைவலி. ஊர் மாறி, தலையணை மாறிப் புரண்டு படுத்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ரப்பர் பட்டை

எண்பதுகளின் தொடக்கம். திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சின்ன நரம்பு ஆஸ்பத்திரி. பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் ஒருவர் தன் மகள் சரோஜாவை அழைத்து வந்தார். அவளுக்குத் தூக்கத்தில்தான் வலிப்பு வரும். அதனால் கண்ணை மூடவே பயம். தூங்கும்போது பதிவெடுத்தால்தான் எந்த மாத்திரை என்று டாக்டரால் முடிவு செய்ய முடியும்.

கம்பி முனையிலிருந்த வெள்ளி வில்லைகளைக் கூந்தலுக்குள் நுழைத்து, ரப்பர் பட்டையால் இறுக்கினேன். நழுவின. இன்னும் இறுக்கினேன். "முடி வழிவிட மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டேன். மத்தியானம் முழுக்க அவள் கூரையைப் பார்த்தபடியே கிடந்தாள். பட்டையைக் கழற்றியதும் சொன்னாள்: "தலைய முறுக்கிப் புழியறீங்க, அப்புறம் தூங்குன்றீங்களே சார்!"

சந்தனம்

அடுத்த முறை மொட்டைத் தலையோடு வந்தாள். என் அலுப்பை மனதில் வைத்திருந்த அப்பா, மலைமேல் வேண்டுதலை முடித்துவிட்டார். தலை முழுக்கச் சந்தனம். சாமி சந்தனத்தைக் கழுவ மனம் வராமல், அதன் மேலேயே வில்லைகளை ஒட்டினேன். சந்தனம் குறுக்கே நின்றதில் மிஷினின் பேனாக்கள் தாளில் தாறுமாறாகக் கிறுக்கின. ஈரப் பஞ்சால் துடைத்து முடிப்பதற்குள் அவளுக்கு வந்த கொஞ்சத் தூக்கமும் போய்விட்டது. அப்பா பெருமூச்சு விட்டார்: "முருகனுக்கும் ஆச்சு, உங்க மிஷினுக்கும் ஆச்சுன்னு நெனச்சேன், ரெண்டுக்கும் ஒத்துக்கலயே சார்."

லுங்கிக் குல்லாய்

அவர் கட்டிப் பழசான லுங்கி ஒன்றை அவரிடமே கேட்டு வாங்கினேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சாய்ப் போனது. அவள் மறுபடி வருவதற்குள் அதில் குல்லாய் தைத்து, துளைகளில் வில்லைகளைப் பொருத்தி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட நாடா வைத்தேன். சரோஜா அதை மாட்டிக்கொண்டு மெல்ல மூச்சை இழுத்தாள். "நைனா வாசன அடிக்குது" என்றாள். கண்கள் செருகின.

வெளியே திருப்பதி பஸ்ஸின் ஹாரன் எங்கோ தூரத்துக்குப் போனது. பேனாக்களின் நடுக்கம் அடங்கி, அலைகள் அகலமாக, சோம்பலாக எழுந்தன. தறியிலிருந்து துணி இறங்குவதுபோலத் தாள் இறங்கிக்கொண்டே இருந்தது. வலிப்பு வரவில்லை, அதன் சுவடு மட்டும் முள் முள்ளாய்த் தாளில் விழுந்தது. டாக்டருக்கு அது போதும். அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். எனக்கும் கண் சொக்கியது. அவளை எழுப்பவே மனமில்லை. சாயங்காலம் தானாக விழித்தவள் குல்லாயைக் கழற்றவில்லை: "மாத்திர கெடக்கட்டும் சார், இத்த நான் வூட்டுக்கு எடுத்துகினு போவட்டுங்களா?"

மூளையைக் கேட்க நான் தைத்த முதல் குல்லாய், வில்லைகளை மட்டும் என்னிடம் விட்டுவிட்டு, அன்றைக்கே பொதட்டூர்பேட்டை பஸ் ஏறித் தூங்கப் போய்விட்டது.