எட்டு என்று எழுதியிருந்த பெட்டி

கம்ப்யூட்டர் வந்த அன்று வீட்டில் அப்பா இருந்தார். தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்த அம்மா இருந்தார். கொழும்பில் பலசரக்குக் கடையில் நிற்கும் மாமா இருந்தார். பதுளை டவுனில் கடை பார்த்து வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அக்கா இருந்தாள். நான் இருந்தேன். எனக்கு ஒன்பது வயது.

கொழும்புக் கம்பெனி ஒன்று அக்காவுக்கு வீட்டிலிருந்தே போட்டோ திருத்துகிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு முன் ஒரு சோதனை வைப்பார்கள். தேறினால் தோட்டத்து லயத்து வீட்டிலேயே எங்களோடு இருக்கலாம். தேறாவிட்டால் கொழும்புக்குக் கார்மெண்ட் வேலைக்குப் போக வேண்டும். அங்கே சேர்த்துவிட அப்பா ஏற்கெனவே ஆள் பார்த்து வைத்திருந்தார்.

அம்மா பெட்டிக்குக் குங்குமம் வைத்தார். மாமா அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தட்டினார்.

"பாத்தீங்களா மச்சான், ஐ செவன். மத்த வீட்டுல எல்லாம் த்ரீயும் ஃபைவும்தான்."

"ஏழுன்னா என்னா ஏழு?" என்றார் அப்பா.

"அஞ்ச விட பெருசு."

அப்பா தலையாட்டினார். அது பழைய காலத்து ஏழு, இப்போது வருகிற மூன்றே அதை முந்திவிடும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

அக்கா கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"பெட்டியில ராம் எட்டுன்னு எழுதியிருக்கு. உள்ள நாலுதான் காட்டுது."

வேலை ஓடும்போது கம்ப்யூட்டர் கையில் பிடித்திருக்கும் அளவுதான் ராம். அது குறைந்தால் பெரிய வேலை ஓடாது. இதை அக்கா எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

"கழிச்சிருப்பாங்க," என்றார் அம்மா.

மலையில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்று கழிப்பார்கள். ஈரத்துக்கென்று கழிப்பார்கள். அம்மா காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். எழுதியது ஒன்று, கைக்கு வருவது ஒன்று.

"பாதியவாம்மா கழிப்பாங்க?"

"மழ நாள்ல எனக்குக் கழிக்கல?"

மாமா சிரித்தார். "கேக்கப் போனா தோட்டத்து ஆளுக, வெவரம் இல்லன்னு கடைக்காரன் நெனைப்பான். விடு புள்ள."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் மழையாகவே போனது. பெட்டி மேசையிலேயே இருந்தது.

சோதனை அன்று அக்கா போனிலிருந்து நெட் எடுத்தாள். நான் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கல்யாணப் படம். மணப்பெண்ணின் முகம் பாதி வந்தது. அதோடு நின்றது. அக்கா மவுஸை நகர்த்தினாள். ஒன்றும் அசையவில்லை. நிறுத்தித் திரும்பவும் போட்டாள். மறுபடி பாதி முகம். நேரம் முடிந்துவிட்டதாக எழுத்து வந்தது. அக்கா அழவில்லை. எழுந்து போய் அடுப்பு மூட்டினாள்.

அடுத்த மாதம் கொழும்புக்குப் போனாள். பஸ் ஏறும்போது என்னிடம் சொன்னாள்.

"பாப்பா, தூசி படாம தொடச்சு வையி."

கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. அன்று மாலையே கார் விளையாட்டுப் போட்டேன். அது நன்றாக ஓடியது. அம்மா ஒருநாளும் அந்தப் பக்கம் உட்காரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் அது நின்றுவிட்டது. ஹாலிஎலயில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். அக்காவுக்குக் கொழும்பிலேயே கல்யாணம் முடிந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அக்காவின் போட்டோ வேலைக்கு வாங்கியது என்று சொன்னேன். கடைக்காரர் மூடியைக் கழற்றினார். "அந்த நேரமே ஒரு ராம் வாங்கிப் போட்டிருந்தா போட்டோ வேலைக்கு நல்லா ஓடியிருக்குமே. புதுக் கம்ப்யூட்டர் தேவப்பட்டிருக்காது," என்றார்.

"போட எடம் இருந்துச்சா?"

அவர் டார்ச்சை அடித்துக் காட்டினார். ராம் போடும் இடம் இரண்டு. போட்டிருந்தது ஒன்று.